நாலாவது பை

அத்தியாயம் 9

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் காலியாக இருந்த சாமி அலமாரியின் கீழ்த்தட்டு, புதன்கிழமை காலையிலும் காலியாகத்தான் இருந்தது.

மாரீஸ்வரி இன்னொரு தடவை கையை விட்டுத் துழாவினாள். ஒரு தீப்பெட்டி, சூடம் சுற்றியிருந்த காகிதம், ஒரு பக்கக் காம்பு ஒடிந்த அம்மாவின் மூக்குக்கண்ணாடி. பையைக் காணோம்.

அம்மா பஞ்சம்மாள் இறந்து வருகிற வெள்ளிக்கிழமையோடு ஒரு வருஷம். அதற்காகத்தான் தேனித் தபால் ஆபீசில் லீவு சொல்லிவிட்டு, சுருளிப்பட்டியில் தம்பி வீட்டுக்கு வந்திருந்தாள். அம்மா கடைசியாகக் கேட்டது ஒன்றே ஒன்று. வருஷத் திதியன்று அந்தப் பையில் இருக்கிற மண்ணைத் திராட்சைத் தோட்டத்து வேப்பமரத்தடியில் கொட்டி, மேலே ஒரு கல் நட்டு, விளக்கு ஏற்ற வேண்டும். சேலை வேண்டாம், போட்டோவுக்குப் பெரிய மாலை வேண்டாம். மண் மட்டும்.

அது பிடிமண். ஊர் விட்டு ஊர் போகிறவர்கள் குலசாமி கோயிலில் ஒரு பிடி மண் எடுத்துப் போய், போன இடத்தில் சாமிக்கு இடம் வைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். ஆண்டிபட்டிக்குக் கிழக்கே ஒரு மானாவாரி ஊரிலிருந்து தாத்தா மொக்கைச்சாமி, அம்மாச்சி பேச்சியம்மாளைக் கூட்டிக்கொண்டு கம்பம் பள்ளத்தாக்குக்கு நெல் அறுக்க வந்தபோது கொண்டுவந்தது என்று வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். கடைசிவரைக்கும் தாத்தாவுக்குச் சொந்த இடம் அமையவில்லை. மண் பையிலேயே இருந்தது. ஒற்றைப் பிள்ளையான அம்மா கல்யாணமாகி வந்தபோது அண்டா, குத்துவிளக்கோடு அதுவும் வந்தது. யாரும் முடிச்சை அவிழ்க்கக் கூடாது என்பது மட்டும் சட்டம்.

“மதினி, காப்பி ஆறுது” என்று தம்பி மனைவி காமாட்சி டம்ளரை நீட்டினாள். தேவதானப்பட்டிக்காரி. பேச்சை எண்ணி எண்ணித்தான் செலவழிப்பாள். டம்ளரைக் கொடுத்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றாள்.

“என்ன காமாட்சி?”

“அந்தத் தட்டுலதான் இவுக மண்ணுப் பைகளை வச்சிருந்தாக.”

“எந்த மண்ணுப் பை?”

காமாட்சி கொல்லைப்பக்கம் பார்த்தாள். அங்கே தம்பி சுருளிராஜன், ஏற்கெனவே கழுவிய மருந்து டிரம்மைத் திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தான்.

விஷயத்தை அவன் வாயிலிருந்து எடுப்பதற்குள் காப்பி முழுக்க ஆறிப்போனது. போன மாதம் திராட்சை இலை ஓரமெல்லாம் கருகியிருக்கிறது. மண் பரிசோதனைக்குக் கொடுத்துப் பார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தோட்ட வேலைக்கு வரும் முத்துப்பாண்டி மூன்று இடத்தில் குழி வெட்டி, மண்ணை நிழலில் உலர்த்தி, மூன்று துணிப்பைகளில் கட்டிக் கொடுத்தான். மழை வந்ததால் சுருளி அவற்றைச் சாமி அலமாரியில் வைத்தான். பெரியகுளத்துக்குக் கொண்டுபோகிற அன்று எடுத்தபோது நாலு பை இருந்தது.

“முத்துப்பாண்டி நாலு எடுத்திருப்பான்னு நெனச்சேன்க்கா. ஒன்னுல மட்டும் சீட்டு இல்ல. கீழ விழுந்திருக்கும்னு நானே எழுதி வச்சேன்.”

“என்னன்னு எழுதுன?”

சுருளி டிரம்மைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “கிணத்து மேடு. திராட்சை. சொட்டு நீர்.”

மாரீஸ்வரிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நாலு பையும் ஒரே மாதிரி இருந்ததில் ஆச்சரியமே இல்லை. அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து, சிவப்பு நூலால் ஓரம் அடித்து, பை பையாகத் தைத்து வைத்தவள் அம்மாதான். பிடிமண் கட்டியிருந்த பழைய துணி இற்றுப்போனதும் அதில் ஒன்றை எடுத்து அவளே மாற்றிக் கட்டினாள். ஐம்பது வயதுப் பிள்ளையை இப்படி மாட்டிவிடுவோம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

“கிளம்பு” என்றாள். “வண்டியை எடு.”

அவனிடம் இருந்தது பழம் ஏற்றும் சின்ன யானை வண்டி. முன்சீட்டில் திராட்சை நாரும் கயிறும் கிடந்தன. கம்பம் தாண்டி, உத்தமபாளையம் தாண்டி, வீரபாண்டியும் தாண்டியது வண்டி. ரோட்டுக்கு மேற்கே மலையில் மேகம் இறங்கியிருந்தது. தேனி பைபாஸில் வண்டி நின்றபோதுதான் சுருளி மெதுவாகக் கேட்டான்.

“அதைக் கொட்டியிருப்பாகளாக்கா?”

“தெரியல.”

“கொட்டிருந்தா?”

மாரீஸ்வரி தபால் ஆபீசில் முப்பது வருஷமாகக் கடிதமும் பார்சலும் பார்த்தவள். முகவரி தப்பாகப் போனது திரும்பி வரும், வராமலும் போகும். வராமல் போனதற்காக ஜன்னலுக்கு வெளியே நின்று அழுதவர்களை அவள் பார்த்திருக்கிறாள்.

பெரியகுளத்தில் மண் பரிசோதனைக் கூடம் ஒரு புளியமரத்துக்குப் பின்னால் இருந்தது. உள்ளே மரச் சுத்தியல் சத்தம். நீண்ட மேசை மேல் வரிசையாகத் தட்டுகளில் மண், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். செல்வின் என்ற இளைஞன் சுருளியின் சீட்டைப் பார்த்ததும் நிமிர்ந்தான்.

“சார், நீங்கதானா? உங்களுக்கு நாலு தடவை போன் அடிச்சேன். எடுக்கவே இல்லையே.”

“சிம்மு மாத்திட்டேன்” என்றான் சுருளி.

மாரீஸ்வரி நடந்ததைச் சொன்னாள். செல்வின் சிரிக்காமல் கேட்டான். அது அவளுக்குப் பிடித்திருந்தது. பிறகு உள்ளே போய் ஒரு பாலித்தீன் கவரை எடுத்து வந்தான். மண்ணை இடித்து, சலித்து, சோதனைக்கு எடுத்தது போக மிச்சம். கவரின் அடியில் ஒரு பிடி இருந்தது. அவள் அதைக் கையில் வாங்கினாள். அவ்வளவு நேரம் இறுக்கிப் பிடித்திருந்த முதுகு அப்போதுதான் தளர்ந்தது.

ஆனால் மண் கறுப்பாக இருந்தது.

“இது எங்களது இல்லையே தம்பி.”

“உங்க பைதான் மேடம். சிவப்பு நூல் தையல். அதுக்காகத்தான் போன் அடிச்சேன். இது உங்க தோட்டத்து மண்ணே இல்ல.”

சுருளி எட்டிப் பார்த்தான். அவனுடைய தோட்டம் செம்மண். தாத்தாவின் ஊரும் செம்மண்தான். சின்ன வயதில் அந்த ஊர்ச் சிவராத்திரிக்குப் போய் வந்தால் வேட்டி துவைக்க முடியாது என்று அப்பா திட்டுவார்.

செல்வின் ஒரு சிட்டிகையைக் கண்ணாடித் தட்டில் வைத்து, ஒரு குப்பியிலிருந்து அமிலத்தைச் சொட்டினான். சோடா உடைத்தது போல நுரைத்தது. பக்கத்தில் ‘மேற்குத் தோட்டம்’ என்று எழுதியிருந்த சுருளியின் மண்ணில் அதையே சொட்டினான். ஒன்றும் நடக்கவில்லை, நனைந்தது, அவ்வளவுதான்.

“சுண்ணாம்பு மேடம். சுத்தக் கரிசல். ஆண்டிபட்டிப் பக்கத்து மண்ணு எங்ககிட்ட நெறைய வருது, இந்த மாதிரி நான் பார்த்ததில்ல. கிழக்க, சாத்தூர், கோவில்பட்டி அங்கனதான் இப்பிடி இருக்கும். இந்த ஊர்தான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. போடியில எங்க தாத்தா ஏலக்காயை மோந்து பாத்தே எந்தத் தோட்டம்னு சொல்வாக. மண்ணுக்கு அந்த வித்தை எனக்குக் கிடையாது.”

சுருளி கையில் ‘கிணத்து மேடு’ பைக்கான மண்வள அட்டை வந்திருந்தது. அவன் அதைத் திருப்பித் திருப்பிப் படித்தான். தழைச்சத்து குறைவு. மணிச்சத்து நடுத்தரம். சாம்பல் சத்து அதிகம்.

“சாமிக்குத் தொழு உரம் போடச் சொல்லிருக்காகக்கா” என்றான். சொல்லிவிட்டு அக்கா முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

“இன்னொன்னு மேடம்.” செல்வின் மேசை டிராயரைத் திறந்தான். “சல்லடையில நின்னதைப் பொதுவா வெளிய கொட்டிருவோம். இதை மட்டும் கொட்ட மனசு வரல.”

ஒரு சின்னக் கண்ணாடி மூடியில் மூன்று நான்கு சுண்ணாம்புக் கற்கள், ஒரு பருத்திக் கொட்டை, அப்புறம் ஒரு வளையல் துண்டு. கறுப்புக் கண்ணாடி வளையல். பாதிதான் இருந்தது. முழுசாக இருந்திருந்தால் இரண்டு விரலைச் சேர்த்து விட்டாலே நிறைந்துவிடும்.

கைக்குழந்தைக்குப் போடுகிற கருவளை.

செல்வின் மூடியைக் காகிதத்தில் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தான். சுருளி வெளியே போய் வண்டியைத் திருப்பினான். திருப்ப வேண்டிய அவசியமே இல்லாத திசையில் நின்றிருந்த வண்டி அது.

தேனி தாண்டும்போது ஈஸ்வரபாண்டி கூப்பிட்டான். தாத்தாவின் அண்ணன் பேரன். வெள்ளிக்கிழமை பூசாரியைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தவன். எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டான். மாரீஸ்வரி ஸ்பீக்கரில் போட்டு, நேராகவே கேட்டுவிட்டாள். மொக்கைச்சாமி தாத்தா உங்கள் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்தது உங்களுக்குத் தெரியுமா?

அந்தப் பக்கம் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

“நீங்க கேக்கவும் சொல்றேன் மதினி. எங்க கோயில்ல பிடிமண்ணு குடுக்கணும்னா பங்காளி ஏழு வீடும் கூடணும். ஒங்க தாத்தா யார்கிட்டயும் சொல்லாம வெளியேறிட்டாக. யாரோ ஒரு பொம்பளையைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டான், ஒரு பிடி மண்ணுகூட எடுக்கலன்னு எங்க தாத்தா சாகுற வரைக்கும் குறைபட்டுக்கிட்டே இருந்தாக. ஒங்க வீட்ல பிடிமண்ணு இருக்குன்னு சொன்னப்ப எங்களுக்கே ஆச்சரியந்தான். பெரியவுக சொல்றாக, நம்ம எதுக்குப் பேசணும்னு விட்டுட்டோம்.”

யாரோ ஒரு பொம்பளை. மாரீஸ்வரி அந்த மூன்று வார்த்தையை வெளியே காட்டாமல் விழுங்கினாள்.

ஈஸ்வரபாண்டி நல்லவன். வேண்டுமானால் நாளைக்கே ஏழு வீட்டையும் கூட்டி, முறைப்படி மண் எடுத்துத் தருவதாகச் சொன்னான். பேசிவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று அவள் வைத்தாள்.

சுருளிக்கு அது பிடித்துப்போனது. சின்னமனூரில் வண்டியை ஓரம்கட்டி, இரண்டு டீ வாங்கி வந்து, மடமடவென்று பேசினான். புது மண் வாங்கிவிடலாம். அதுதான் தாத்தா மண். பூசாரிக்கும் குறையில்லை, உறவுக்கும் குறையில்லை. இந்தக் கறுப்பு மண்ணை ஆற்றில் விட்டுவிடலாம்.

“அம்மா இந்தப் பையைத்தானடா கேட்டா.”

“அம்மாவுக்குத் தெரியாம இருக்கும்க்கா.”

“பையை மாத்திக் கட்டுனது யாரு? முல்லையாத்து வண்டலுக்கும் செம்மண்ணுக்கும் கரிசலுக்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியாதா?”

சுருளி டீயை ஊதினான். அவன் குரல் இறங்கியது. “ஊர் கூடி நிக்கும்க்கா. இது என்ன மண்ணுன்னு கேட்டா என்ன சொல்றது? கைக்குழந்தையைப் பொதைச்ச எடத்து மண்ணுன்னு சொல்லவா? அம்மாச்சி எங்கன இருந்து வந்துச்சு, அதுக்கு முன்னாடி யாரு, என்னன்னு ஒன்னு ஒன்னாக் கேப்பாக. செத்து நாப்பது வருசமான கிழவியைச் சந்தியில நிறுத்தச் சொல்றியா?”

அதுவும் சரியாகத்தான் பட்டது. அம்மாச்சியைப் பற்றி மாரீஸ்வரிக்குத் தெரிந்ததெல்லாம் கொஞ்சம். ஒல்லியான, அதிகம் பேசாத பொம்பளை. சிவராத்திரிக்குத் தாத்தா ஊருக்கு எல்லாரும் கிளம்பினாலும் அவள் கிளம்பமாட்டாள். நெல்லும் திராட்சையும் விளைகிற ஊரில் எங்கோ வேலியோரம் ஒரு பருத்திச் செடி வெடித்திருந்தால் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் எடுப்பாள், கண் இமைப்பதற்குள். எங்கே பழகினாய் என்றால் சிரிப்பாள். மாரீஸ்வரி என்று பேத்திக்குப் பெயர் வைத்தது அவள்தான். அப்பா வேறு பெயர் நினைத்திருந்தாராம், விடவில்லை. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி ஒருநாள்கூடக் கூப்பிட்டதில்லை. ‘ஏ ஆத்தா’தான் கடைசிவரைக்கும். பேர் வைத்தவளே கூப்பிடமாட்டாள் என்று அப்பா கேலி செய்வார்.

வீடு வந்து சேர்ந்தபோது மணி நாலு. காமாட்சி வெள்ளிக்கிழமைப் படையலுக்குப் பாத்திரம் துலக்கிக் கவிழ்த்து வைத்திருந்தாள். எத்தனை இலை போடணும் மதினி என்று கேட்டாள்.

“அம்மாவுக்கு ஒன்னு, அப்பாவுக்கு ஒன்னு, தாத்தாவுக்கு, அம்மாச்சிக்கு.” சொல்லிக்கொண்டே வந்த மாரீஸ்வரி நின்றாள்.

எத்தனை தை அமாவாசை, எத்தனை ஆடி அமாவாசை. தாத்தாவும் அம்மாச்சியும் போன பிறகு அவர்களுக்கு அம்மா இரண்டு இலை போடுவாள். பக்கத்தில் மூன்றாவதாக ஒரு சின்ன இலை. ஒரு சாண் இருக்கும். யாருக்கென்று கேட்டால், அது பாட்டுக்கு இருக்கட்டும் என்பாள். பெரிய இலைகளில் வடை, பாயசம், காரக்குழம்பு, அப்பளம் வரைக்கும் இருக்கும். சின்ன இலையில் எப்போதும் ஒன்றுதான்.

சுருளி வாசற்படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். கழற்றியவன் எழுந்திருக்கவில்லை.

“அந்தக் குட்டி இலை” என்றான்.

“ம்.”

“காக்காய்க்கு வச்சது போக மிச்சத்துக்கு நம்ம ரெண்டு பேரும் அடிச்சுக்கிருவோம். அந்த இலையை மட்டும் யாரும் தொடமாட்டோம். உப்பு இருக்காது, ஒரைப்பு இருக்காது. பருப்பும் நெய்யும் போட்டுக் குழையப் பெசஞ்சிருப்பாக. பக்கத்துல ஒரு சங்குல பாலு.” அவன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். “ஒரு தடவை வெளையாட்டா அதைக் காலால தள்ளிட்டேன். அம்மா என்னைய அடிச்சதே அந்த ஒரு தடவைதான்க்கா.”

சங்கு என்றதும் காமாட்சி உள்ளே போனாள். பாத்திரங்களுக்கு நடுவிலிருந்து அதைத் தேடி எடுத்து வந்தாள். குழந்தைக்குப் பால் புகட்டுகிற வெண்கலச் சங்கு. இந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் குடித்தது என்று நினைத்துத்தான் இதுநாள் வரை புளி போட்டு விளக்கி வைத்திருந்தாள்.

அம்மா ஒற்றைப் பிள்ளை இல்லை. அவளுக்கு முன்னால் ஒன்று இருந்திருக்கிறது, சோறு பிசைந்து ஊட்டுகிற வயது வரைக்கும்.

சுருளி எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தான். அக்காவின் மடியிலிருந்த கவரை வாங்கி, தோட்டத்துக்காரன் பார்க்கிற மாதிரி உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி, விரலால் நிரவிப் பார்த்தான்.

“நல்ல மண்ணுக்கா. ஈரம் காக்கும்” என்றான். திரும்பப் பத்திரமாகக் கவருக்குள் கொட்டினான். “வேப்பமரத்தடியில வேணாம், வேரு ஓடும். கிணத்து மேட்டுல வச்சிருவோம். எப்பிடியும் அந்தப் பேரைத்தான எழுதிக் குடுத்திருக்கேன்.”

“கேட்டா என்ன சொல்லுவ?”

“எங்க பெரியம்மான்னு சொல்லுவேன். அம்மாவுக்கு மூத்தது பெரியம்மாதான?”

பெண் பிள்ளை என்று அவனாகவே முடிவு செய்துவிட்டான். மாரீஸ்வரி அதைத் திருத்தவில்லை. போனை எடுத்து ஈஸ்வரபாண்டியைக் கூப்பிட்டாள். பூசாரி வேண்டாம், மண்ணும் வேண்டாம், வீட்டில் எல்லாரையும் கூட்டிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு வாருங்கள் என்றாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை. கடைசியில் மட்டும், “அம்மாச்சி மனசு குளிரட்டும் மதினி” என்றான். எவ்வளவு புரிந்து சொன்னான் என்று தெரியவில்லை.

காமாட்சி சங்கைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள்.

“மதினி, ஒன்னு சொல்லவா? அத்தை வருசா வருசம் இருக்கன்குடிக்குப் போவாகல்ல, மாரியம்மன் கோயிலுக்கு.”

“ஆமா. ஒரு வருசம் நீயும் போன.”

“போனேன். சாத்தூர்ல இறங்கணும். அத்தை அதுக்கு நாலு ஸ்டாப்பு முந்தியே என்னைய இறக்கிட்டாக. அங்கன கடை கண்ணி ஒன்னும் இல்ல. கண்ணுக்கு எட்டுன வரைக்கும் கறுப்புக் காடு. ரோட்டுல இருந்து உள்ள தள்ளி ஒரு ஓடை முள்ளு மரம். அதுக்கடியில பால் பாக்கெட்டை ஓட்டை போட்டு ஊத்துனாக. ஒரு பேரைச் சொல்லிக் கூப்பிட்டாக. அப்புறம் வந்து அடுத்த பஸ்ஸைப் பிடிச்சோம். கோயில்ல வேண்டுதல்னு நெனச்சேன். யார்கிட்டயும் சொல்லாதன்னாக. சொல்லல.”

“என்ன பேரு காமாட்சி?”

காமாட்சி சங்கைக் கீழே வைத்தாள்.

“ஒங்க பேரைத்தான் மதினி கூப்பிட்டாக. மாரீஸ்வரி, மாரீஸ்வரின்னு ரெண்டு தடவை. தேனியில இருக்க மகளை நெனச்சுக்கிறாகன்னுதான் நான் இத்தனை நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

வெளியே முத்துப்பாண்டி மோட்டாரைப் போட்டிருக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீர் தொட்டியில் விழுகிற சத்தம் கேட்டது. மாரீஸ்வரி பொட்டலத்தைப் பிரித்து, அந்த வளையல் துண்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பெயர் வைத்தவள் ஏன் ஒருநாளும் கூப்பிடவில்லை என்று ஐம்பத்து நாலு வருஷம் கழித்து அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“அந்த ஸ்டாப்பு ஒனக்கு அடையாளம் தெரியுமா?” என்று கேட்டாள்.

“பஸ்ஸுல வலது பக்கம் உக்காந்தா தெரியும் மதினி.”

சுருளி வண்டிச் சாவியை ஆணியில் மாட்டப் போனவன், மாட்டாமல் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டான்.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் முழுசாக ஒரு நாள் இருந்தது.